நன்று என்று சொல்லும் பொறுப்பு

நூலுக்கு மதிப்புரை எழுதும் வழக்கம் தமிழில் நன்கு வேரூன்றிய ஒன்று. இதழ்கள் அதற்கெனச் சில பக்கங்களை ஒதுக்கி வந்துள்ளன. மதிப்புரையாளர் நூலைப் படிக்கிறார், நிறைகுறைகளை எடுத்துரைக்கிறார், வாங்கிப் படிக்கலாம் என்றோ வேண்டாம் என்றோ முடிவு கூறுகிறார். அவர் தவறாக மதிப்பிட்டுவிட்டால் நேரும் இழப்பு, வாங்கியவரின் சில வெள்ளியும் ஒரு மாலைப் பொழுதுமேயாகும். நூல் தன்னைப் படிப்பவரைப் படிப்பதில்லை. அடுக்கில் இருந்தவாறே ஓர் இரவில் தன் பக்கங்களை மாற்றிக்கொள்வதில்லை. படித்தவருடைய உற்றார் உறவினர் பெயர்களைத் திரட்டிப் பதிப்பகத்துக்கு அனுப்புவதும் இல்லை.

கைப்பேசியில் இயங்கும் செயலிகளோ இம்மூன்றையும் செய்ய வல்லவை. எனினும் அவற்றைப் பற்றி ஒருவர் மற்றவர்க்குக் கூறும் மதிப்புரை, நூல் மதிப்புரையினும் எளிதாக ஒரே மூச்சில் கூறப்பட்டுவிடுகிறது. "நல்ல செயலி, இறக்கிக்கொள்ளுங்கள்" என்று புலனக் குழுவில் ஒரு வரி, அதன்கீழ் ஓர் இணைப்பு, அவ்வளவுதான். சொல்பவர் தீய எண்ணம் உடையவர் அல்லர். தமக்குக் கிட்டிய வசதி பிறர்க்கும் கிட்டட்டும் என்னும் நல்லெண்ணமே அவரைச் சொல்லத் தூண்டுகிறது. புதிதாகத் திறந்த கடையில் காய்கறி மலிவு என்று அண்டை வீட்டாருக்குச் சொல்வதைப் போன்றதே இதுவும் என்று அவர் கருதுகிறார்.

அங்ஙனம் கருதலாமா என்பதே ஈண்டு எழும் வினா. ஒரு பொருளை நன்று என்று பிறர்க்குச் சொல்வது அறத்தின் எல்லைக்குள் வரும் செயலா? வருமெனின், சொன்னவர் எதுவரை பொறுப்பாளர்? குடை, பானை, பேனா ஆகியவற்றைப் பற்றி இவ்வினாவை எழுப்புவது மிகையாகத் தோன்றும். மழையில் ஒருமுறை பிடித்துப் பார்த்தவர் குடையை நன்று எனலாம்; அதற்குமேல் ஆராய அதில் ஒன்றும் இல்லை. செயலியில் பயன்படுத்துபவர் காணும் பகுதி ஒன்று. காணாப் பகுதி மற்றொன்று. பின்னது முன்னதினும் பெரிதாக இருத்தலும் கூடும்.

2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடையைத் திறந்தபோது அதில் ஏறத்தாழ 500 செயலிகள் இருந்தன. இன்று அந்தக் கடையிலும் கூகுள் நிறுவனத்தின் கடையிலும் அவை இலட்சக்கணக்கில் குவிந்துள்ளன. இத்தனையுள் நல்லதைத் தெரிவது எப்படி என்னும் இடர்ப்பாட்டுக்குக் கடைகள் கண்ட வழி நட்சத்திர மதிப்பீடு. பயன்படுத்தியவர் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்குகிறார். அவற்றின் சராசரி செயலியின் பெயருக்குக் கீழே மின்னுகிறது. பயனற்ற ஏற்பாடு என்று இதனைத் தள்ளிவிட முடியாது. அடிக்கடி நின்றுபோகும் செயலியையும், சொன்னதைச் செய்யாத செயலியையும் இது விரைவில் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், இஃது ஒரே ஒரு வினாவுக்குத்தான் விடை தருகிறது. உண்டவருக்குச் சோறு சுவைத்ததா என்பதே அவ்வினா. அரிசி எந்தக் கிடங்கிலிருந்து வந்தது, அடுக்களையில் என்ன நடந்தது என்பவற்றுக்கு உண்டவர் எத்துணை நேர்மையாளராயினும் விடை சொல்ல இயலாது.

இதற்கு மிகத் தெளிவான சான்றாக ஒரு கைவிளக்குச் செயலியைக் கூறலாம். 'பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்' என்பது அதன் பெயர். கைப்பேசியின் ஒளியை ஏற்றி இருளில் வழி காட்டுவது அதன் பணி. விலையோ இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அதனைக் கோடிக்கணக்கான முறை மக்கள் இறக்கிக்கொண்டனர். 2013ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் அச்செயலியை உருவாக்கிய நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. கைப்பேசி இருக்கும் இடத்தையும், அதனைத் தனித்து அடையாளம் காட்டும் எண்ணையும் அச்செயலி விளம்பர வலையமைப்புகளுக்கு அனுப்பி வந்தது என்பதே குற்றச்சாட்டு. பயன்படுத்துபவர் விதிமுறைகளைப் படித்து 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்னும் இரண்டில் ஒன்றைத் தொடலாம் என்று திரையில் காட்டியிருந்தனர். ஆயின் அவர் எதையும் தொடுமுன்னரே தகவல் புறப்பட்டுவிட்டது. விளக்கு வழியைக் காட்டியது. அதே வேளையில் விளக்கைப் பிடித்தவரையும் யாரோ ஒருவருக்குக் காட்டியது.

அச்செயலியை நன்று என்று நண்பருக்குச் சொன்னவர் பொய் சொன்னாரா? இல்லை. விளக்கு எரிந்தது, அவர் கண்டதையே சொன்னார். கண்டதைச் சொல்வது வாய்மை. கண்டதை முழுமை என்று எண்ணச் செய்வது வாய்மையா என்பதில்தான் ஐயம். "எனக்கு எரிந்தது" என்பதற்கும் "நன்று" என்பதற்கும் இடையே ஒரு தாவல் உள்ளது. அந்தத் தாவலைப் பெரும்பாலோர் உணர்வதில்லை.

விளக்குச் செயலியிலாவது இழப்பு பயன்படுத்தியவரோடு நின்றது. வேறு சில செயலிகளில் அதுவும் இல்லை. 'பாத்' என்னும் பெயரில் ஒரு செயலி இருந்தது. நாளன்றாட நிகழ்வுகளையும் படங்களையும் நெருங்கிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதற்கானது. அது தன்னைப் பயன்படுத்துபவருடைய தொடர்பெண் பட்டியலை முழுமையாகத் தன் நிறுவனத்தின் கணினிக்கு ஏற்றிவிடுகிறது என்பதை 2012 பிப்ரவரியில் மென்பொருள் வல்லுநர் ஒருவர் கண்டறிந்து வெளியிட்டார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டுத் திரட்டியவற்றை அழித்தது. மறு ஆண்டு, சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோரின் இசைவின்றித் திரட்டிய குற்றத்துக்காக 800,000 அமெரிக்க டாலர் தண்டமும் செலுத்தியது. செயலி பின்னர் மறைந்துபோயிற்று. அது எழுப்பிய வினா மறையவில்லை.

ஒருவர் கைப்பேசியில் உள்ள தொடர்பெண் பட்டியல் அவருக்கு மட்டும் உரியதா? கைப்பேசி அவருடையது, பட்டியலைத் தொகுத்தவரும் அவரே. ஆயினும் ஒவ்வோர் எண்ணும் மற்றொருவர் நம்பிக்கையோடு கொடுத்தது. மருத்துவரின் எண், ஊரிலிருக்கும் அத்தையின் எண், கடன் கேட்டு அழைத்த பழைய நண்பரின் எண், மாணவனின் தாய் "அவசரம் என்றால் கூப்பிடுங்கள், ஐயா" என்று எழுதிக் கொடுத்த எண் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. தமிழில் இதற்குப் பொருந்தும் பழஞ்சொல் ஒன்றுண்டு: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். அடைக்கலப் பொருளை வைத்திருப்பவர் அதற்கு உடையவர் ஆகார். காவலர் மட்டுமே ஆவார். தமக்கு ஒரு வசதி வேண்டும் என்பதற்காகக் காவலர் அதனைப் பிறர் கையில் கொடுக்கலாகாது. 'தொடர்புகளை அணுக அனுமதிக்கவா?' என்று திரையில் ஒரு சிறு கட்டம் தோன்றும்போது கேட்கப்படுவது உண்மையில் முந்நூறு பேருடைய இசைவு. விடை சொல்பவரோ ஒருவர்.

செயலிகளைப் பற்றிய மதிப்புரைகளிற் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. அவை 'உங்களுக்கு இது பயன்படுமா?' என்று கேட்கின்றன. 'உங்களால் வேறு யாருக்கு என்ன நேரும்?' என்று கேட்பதில்லை. வசதி ஒருவருக்கும் விலை மற்றொருவருக்கும் போய்ச் சேரும் இடத்தில் சுவையைப் பற்றிய பேச்சு முடிந்து அறத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது.

இவ்வளவும் சொன்னபின், எல்லாச் செயலிகளையும் ஐயத்தோடு ஒதுக்குவதே அறம் என்று ஒரு மாணவர் முடிவு கட்டலாம். அது முறையன்று. வசதி என்பது இழிவான பொருள் அன்று. வேலையிழந்த ஒருவர் வீட்டிலிருந்தே விண்ணப்பம் அனுப்புவதும், சிறு ஊரில் இருக்கும் பாட்டி கடல் கடந்த பேரனின் முகத்தைக் காண்பதும், பேருந்துக்கு எத்தனை நிமிடம் உண்டென்று அறிந்து கடைசி நேர ஓட்டத்தைத் தவிர்ப்பதும் வாழ்வின் உண்மையான நலன்கள். தமிழே இதற்குச் சான்று. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் வெளிவந்தது. அத்தகைய செயலிகள் இல்லையெனில் கைப்பேசியில் தமிழில் எழுதுவோர் தொகை இந்த அளவுக்கு வளர்ந்திருக்குமா என்பது ஐயமே. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் அவலத்திலிருந்து பலரை மீட்ட பெருமை அவற்றுக்கு உண்டு. அதே வேளையில், விசைப்பலகைச் செயலி எதுவாயினும் அது தட்டப்படும் ஒவ்வோர் எழுத்தையும் காணும் இடத்தில் இருக்கிறது. அதனால்தான் வெளியார் உருவாக்கிய விசைப்பலகை எதனையும் இயக்க முற்படும்போது, கடவுச்சொல் உட்படத் தட்டச்சாகும் அனைத்தையும் அது திரட்டக்கூடும் என்று ஆண்ட்ராய்டு எச்சரிக்கிறது. நல்ல விசைப்பலகைக்கும் தீய விசைப்பலகைக்கும் தோன்றும் எச்சரிக்கை ஒன்றே. வேறுபாடு எச்சரிக்கையில் இல்லை. அதனைச் செய்தவர் யார், எங்கிருக்கிறார், தவறினால் யாரிடம் விடை கேட்கலாம் என்பவற்றில் இருக்கிறது.

அனுமதி ஒன்றே நன்றும் தீதும் ஆகும் விந்தையை இன்னும் கூர்மையாகக் காட்டுவது கண்பார்வை அற்றோருக்கான ஏற்பாடு. திரையில் உள்ளதைப் படித்துக் குரலாக ஒலிக்கவும், விரலால் தொட இயலாதவருக்காகத் தானே தொடவும் சில செயலிகளுக்குத் தனி அனுமதி உண்டு. பார்வையற்றவருக்கு அது கண். கை நடுங்குபவருக்கு அது கை. 2023இல் சிங்கப்பூரில் மோசடிக்காரர்கள் இதே அனுமதியைக் களவுக் கோலாக்கினர். சமூக ஊடகத்தில் மலிவு விலை உணவுப்பொருள், வீட்டுப் பணிகள் முதலியவற்றுக்கு விளம்பரம் செய்தனர். ஆணை கொடுக்க வேண்டுமாயின் இச்செயலியை இறக்குங்கள் என்று கடைக்குப் புறம்பான கோப்பு ஒன்றை அனுப்பினர். இறக்கியவர் அனுமதி தந்ததும் அவர் திரையைக் கள்வர் பார்த்தனர். அவர் விரலாகத் தாமே தொட்டனர். வங்கிப் பணத்தையும், சிலர் தம் மத்திய சேம நிதிச் சேமிப்பையும் இழந்தனர். 2024 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம், இத்தகைய கூரிய அனுமதிகளைக் கேட்கும் வெளிக்கோப்புகளைத் தடுக்கும் முயற்சியைச் சிங்கப்பூரில் முதலில் தொடங்கியது. எனவே 'இச்செயலி மிகுந்த அனுமதி கேட்கிறது, ஆகவே தீது' என்னும் மதிப்பீடும் 'எல்லாம் செய்கிறது, ஆகவே நன்று' என்னும் மதிப்பீட்டைப் போலவே சோம்பலானது. கேட்கும் அனுமதி செய்யும் பணிக்குத் தேவையா என்று பார்ப்பதே உழைப்பு. கைவிளக்கு எரிவதற்கு இருப்பிடம் எதற்கு?

இவையெல்லாம் செயலியின் உள்ளே இருப்பனவற்றைப் பற்றியவை. ஒருவர் முழு உழைப்பும் செலுத்தி உள்ளே உள்ளதனைத்தையும் ஆராய்ந்துவிட்டார் என்றே கொள்வோர் உண்டு. அப்போதும் அவர் மதிப்பீடு நிலைக்குமா? சிங்கப்பூரின் அண்மை வரலாறு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது.

கோவிட் பெருந்தொற்றின் தொடக்கத்தில், 2020 மார்ச் 20ஆம் நாள், 'டிரேஸ்டுகெதர்' என்னும் செயலியைச் சிங்கப்பூர் அரசு வெளியிட்டது. அருகருகே இருக்கும் கைப்பேசிகள் புளூடூத் வழியே ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். ஒருவருக்கு நோய் உறுதியானால் அவரோடு நெருங்கியிருந்தோரை விரைந்து கண்டறியலாம். செயலி இருப்பிடத்தைப் பதிவு செய்யவில்லை. குறிப்புகள் மறைமொழியாக்கப்பட்டுக் கைப்பேசியிலேயே தங்கி, 25 நாளில் அழிந்தன. அதன் அடிப்படை நெறிமுறையும் நிரலும் உலகத்தார் பார்வைக்குத் திறந்து வைக்கப்பட்டன. செயலி ஒன்றிடம் ஒரு மதிப்புரையாளர் எதிர்பார்க்கத்தக்க நற்பண்புகள் பலவும் அதில் இருந்தன. நோய்த்தொடர்பைக் கண்டறிவதற்கு மட்டுமே தகவல் பயன்படும் என்ற உறுதிமொழியும் தரப்பட்டது. அந்நாளில் அதனை ஆராய்ந்து நன்று என்றவரைக் குறைகூற எவராலும் இயலாது.

2021 ஜனவரித் திங்களில் நாடாளுமன்றத்தில் எழுந்த வினா ஒன்றுக்கு விடை கூறுகையில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறை அத்தகவலைப் பெற முடியும் என்பது வெளிப்பட்டது. ஒரு கொலை விசாரணையில் அது நாடப்பட்டதும் தெரியவந்தது. உறுதிமொழி தந்த அமைச்சர், அச்சட்டத்தைத் தாம் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை என்று மன்றத்தில் கூறினார். அதே ஆண்டு பிப்ரவரியில், ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று வரம்பு கட்டிச் சட்டம் நிறைவேறியது. வினா எழுப்பியது நாடாளுமன்றம்; விடை ஒளிக்கப்படவில்லை; ஒரு திங்களுக்குள் வரம்பும் வந்தது. இவற்றை நடுநிலையோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். கொலைகாரனைப் பிடிக்க உதவும் தகவலை எதற்காக ஒளிக்க வேண்டும் என்று கேட்போரின் வாதத்திலும் வலு உண்டு. 2023இல் அச்செயலியின் பணியும் முடிவுக்கு வந்துவிட்டது.

ஆயினும் மதிப்பீட்டைப் பற்றி ஆராய்வோருக்கு அந்நிகழ்வு கற்பிப்பது சிறிதன்று. செயலியின் நிரலில் ஒரு வரி மாறவில்லை. ஆராய்ந்தவர் கண்ட அனைத்தும் உண்மையாகவே நின்றன. மாறியது செயலிக்கு வெளியே இருந்தது. அதாவது, அதனைச் சூழ்ந்த சட்டத்தைப் பற்றிய மக்களின் அறிவு. அவ்வாறாயின் நன்று என்று சொன்னவர் எதனை நன்று என்றார்? கருவியை என்று அவர் எண்ணியிருப்பார். உண்மையில் அவர் ஒரு வாக்குறுதியையும் சேர்த்தே நன்று என்றார். கருவியை ஆராய்வதற்கு நுட்பம் போதும். வாக்குறுதியை ஆராய்வதற்கு, தந்தவரின் இயல்பும் அவரைக் கட்டுப்படுத்தும் விதியும் தெரிய வேண்டும்.

வாக்குத் தந்தவரை ஆராய்வது தமிழர்க்குப் புதிய கலையன்று. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்' என்றே பெயர்பெற்றது. ஒருவரை ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பிய பின்னர் அவரை ஐயுறுவதையும் வள்ளுவர் ஒருசேரக் கடிந்தார். முதற்பாதி செயலிகளுக்கு அப்படியே பொருந்தும். இரண்டாம் பாதிதான் இக்காலத்தில் இடர் தருகிறது. வள்ளுவர் பேசியது மனிதரைப் பற்றி. மனிதர் மாறினாலும் அவரே மாறுவார். செயலியோ கைமாறும். 2009இல் தோன்றிய புலனம், 2014இல் ஏறத்தாழ 1,900 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் பேஸ்புக் நிறுவனத்திடம் சென்றது. 2021 ஜனவரியில் அதன் தனியுரிமை விதிகள் மாறுகின்றன என்ற அறிவிப்பு வந்ததும் உலகெங்கும் பலர் வேறு செயலிகளை நாடினர். எதிர்ப்பைக் கண்ட நிறுவனம் நடைமுறைப்படுத்தும் நாளை பிப்ரவரியிலிருந்து மே மாதத்துக்குத் தள்ளிவைத்தது. பெயரும் பச்சை நிறமும் அவையே. உடையவர் வேறு, விதி வேறு. அவ்வாறாயின் தெளிந்தபின் ஐயுறுதல் இங்கே குற்றமாகாது. நம்பப்பட்ட பொருளே வேறாகிவிட்டபோது மீண்டும் ஆராய்வதுதான் முதல் ஆராய்ச்சிக்கு நாணயம் சேர்ப்பது. வள்ளுவரின் சொல்லைப் பற்றிக்கொண்டு பழைய நம்பிக்கையிலேயே தங்கிவிடுபவர் அவரைத் தவறாகப் படித்தவரே ஆவார்.

மாறியதை விட்டு வெளியேற முடிந்தாலன்றி மீண்டும் ஆராய்வதில் பயனில்லை. இங்கும் தமிழுக்கே உரிய பட்டறிவு ஒன்றுண்டு. கணினியில் தமிழ் நுழைந்த காலத்தில் எழுத்துருக்கள் பல தோன்றின. ஒவ்வொன்றும் அழகாக இருந்தது. ஒவ்வொன்றும் எளிது என்று பாராட்டப்பட்டது. ஆனால் ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளைத் தனக்கே உரிய எண்வரிசையில் வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதிய கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முற்பட்டோரில் முன்னோடி, சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு பொது வழிக்கு அடிகோலியது. பின்னாளில் யூனிகோடு முறை பரவியதும் துன்பம் பெரிதும் நீங்கிற்று. ஆயினும் அதற்கு முன்னர்த் தட்டச்சான பள்ளி மலர்களும் பாடக் குறிப்புகளும் சிறுகதைகளும் பழைய வட்டுகளில் இன்றும் ஊமையாய்க் கிடக்கின்றன. மாற்றித் தரும் கருவிகள் உண்டு. எந்த எழுத்துருவில் எழுதியது என்பது எழுதியவருக்கே மறந்துபோயிருந்தால் அவையும் எளிதில் உதவா. எழுத்துருவைத் தெரிவு செய்த நாளில் 'பார்க்க அழகா?' என்று கேட்டவர் பலர். 'இதிலிருந்து என் எழுத்தை வெளியே எடுக்க முடியுமா?' என்று கேட்டவர் மிகச் சிலர். குறிப்பேடு, நாட்காட்டி, படத்தொகுப்பு எனச் செயலி எதுவாயினும் இன்றும் அவ்வினா பழையதாகிவிடவில்லை.

பணம் பெற்றுக்கொண்டு புகழுரை எழுதுவோரைப் பற்றி இங்கே நீளப் பேச வேண்டுவதில்லை. அஃது ஏமாற்று, அறத்தில் அதற்கு இரண்டு கருத்து இல்லை. பொய் மதிப்புரைகளைத் தடை செய்யும் விதியை அமெரிக்க ஆணையம் 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடைகள் இப்போது ஒவ்வொரு செயலிக்கும் 'எந்தத் தகவலைத் திரட்டுகிறது' என்னும் அட்டையை ஒட்டுகின்றன. ஆப்பிள் 2020 டிசம்பரிலும் கூகுள் 2022இலும் இதனைத் தொடங்கின. நல்லதே. ஆனால் அட்டையில் உள்ளதை எழுதித் தருபவர் செயலியை உருவாக்கியவரே என்பதை மறந்துவிடலாகாது. பால்காரரே தம் பாலுக்குச் சான்று எழுதுவது போன்றது அது. கடினமான நிலை பொய்யரிடத்தில் இல்லை, நல்லவரிடத்தில் இருக்கிறது. நல்லவருள்ளும் ஆசிரியரிடத்தில் அது மிகுந்து நிற்கிறது.

நண்பர் ஒரு செயலியைப் பரிந்துரைத்தால் மறுக்கலாம். ஆசிரியர் பரிந்துரைத்தால் மாணவர் மறுப்பது எங்ஙனம்? வகுப்பில் சொல்லப்படும் "இதை இறக்கிக்கொள்ளுங்கள்" என்பது இலக்கணப்படி வேண்டுகோளாக இருக்கலாம். நடைமுறையில் அஃது ஏவலே. வீட்டுப்பாடம் அதில் வருகிறது. மதிப்பெண் அதில் பதிவாகிறது. பெற்றோரும் "வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று இசைந்துவிடுகின்றனர். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி தந்தையுடையதாயின், மாணவனுக்காக இறக்கிய செயலி தந்தையின் தொடர்பெண்களையும் படங்களையும் காணும் இடத்துக்கு வந்துவிடுகிறது. ஆசிரியரின் ஒரு சொல்லுக்கு முப்பது வீடுகளில் கதவு திறக்கிறது.

2020ஆம் ஆண்டு இதனை வெளிச்சமாக்கியது. மலேசியாவில் மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 8 முதல் மாணவர் அனைவரும் வீட்டிலிருந்து கற்கலாயினர். ஆசிரியர்கள் சில நாளில் கருவி தேட வேண்டியிருந்தது. கிடைத்தது 'ஸூம்'. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடி பேர் கலந்துகொண்ட அதன் கூட்டங்களில், 2020 மார்ச்சில் 20 கோடி பேர் கலந்துகொண்டனர். சிங்கப்பூரில் வீட்டுக்கல்வி தொடங்கிய ஓரிரு நாளிலேயே அன்னியர் ஒரு வகுப்புக்குள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினர். கல்வி அமைச்சு அச்செயலியின் பயன்பாட்டை நிறுத்திவைத்து, பாதுகாப்பைக் கூட்டியபின் மீண்டும் அனுமதித்தது. தன் மறைமொழிப் பாதுகாப்பைப் பற்றி அந்நிறுவனம் முன்னர்க் கூறியிருந்தவை உண்மைக்குப் புறம்பானவை என்று அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஆணையம் குற்றம் சாட்டி, உடன்பாடு ஒன்றில் அதனைக் கட்டுப்படுத்தியது. அந்த நாளில் அவசரமாக அதனைத் தெரிவு செய்த ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பெரும் அநீதி. பள்ளி மூடியிருந்தது, பிள்ளைகள் காத்திருந்தனர், ஆராய்ந்து முடிக்கும்வரை பாடம் நடத்தாமல் இருப்பதும் ஒரு தீங்கே. அவசரத்தில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் அவசரம் நீங்கியபின் எத்தனை பேர் அதே கருவிகளை எடுத்து வைத்து, அமைதியாக மறுபடியும் பார்த்தனர்?

பார்ப்பதற்கு ஆசிரியர் கணினி வல்லுநராக இருக்க வேண்டும் என்பதில்லை. மருந்தின் வேதியியல் தெரியாத தாயும் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறாள். புட்டியில் உள்ள நாளைப் பார்க்கிறாள். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்கிறாள். கொடுத்தபின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். செயலியைச் செய்தவர் யார், கேட்கும் அனுமதி செய்யும் பணிக்குப் பொருந்துகிறதா, இலவசம் என்றால் செலவை ஈடுகட்டுபவர் யார், வேண்டாம் என்றால் எழுதியதை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்பனவெல்லாம் ஓர் அரைமணி நேரத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடக் கூடியவை. தெரியாதவற்றைத் தெரியாது என்று சொல்லிவிடலாம். "மூன்று திங்களாகப் பயன்படுத்துகிறேன், சொல்லகராதி நன்றாக உள்ளது, தகவலை என்ன செய்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை" என்று கூறும் ஆசிரியர், ஐந்து நட்சத்திரம் வழங்குபவரைவிட மாணவருக்கு மிகுதியாகக் கற்பிக்கிறார். அதோடு, "இறக்க விரும்பாதவர் வீட்டுப்பாடத்தைத் தாளில் எழுதித் தரலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் ஏவல் மீண்டும் வேண்டுகோளாகிறது. இலவசச் செயலியை விட்டுவிட்டுக் கட்டணச் செயலியைத் தேடு என்று ஏழை மாணவரிடம் சொல்வது எளிதன்று. மறைவு காத்தல் வசதி படைத்தோரின் உரிமை ஆகிவிடலாகாது. தாள் என்னும் பழைய வழி அங்கேதான் பயன்படும்.

பிணை நின்றவர் கடன் தீரும்வரை விலக முடியாது. பரிந்துரையும் பிணையே எனின், சொல்லியபின் தொடரும் கடமை ஒன்றும் உண்டு. செயலி கைமாறினாலோ விதி மாறினாலோ, முன்பு நன்று என்றவர் இப்போது அதனைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்வது எளிது, திருப்பிச் சொல்வது அரிது. இவ்வாண்டு வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஆசிரியர் மறுநாளே சொல்லிவிடலாம். மூன்றாண்டுக்கு முன் அவர் சொல்லைக் கேட்டு இறக்கிக்கொண்டவர்கள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டனர். குழு கலைந்துவிட்டது. அவர்களிற் பலர் அச்செயலியைத் திறப்பதே இல்லை. ஆனால் அழிக்கவும் இல்லை. அது தந்தையின் கைப்பேசியில், இரண்டாம் திரையின் ஓரத்தில், கொடுக்கப்பட்ட அனுமதிகளோடு இன்னும் இருக்கிறது. அவர்களிடம் போய்ச் சொல்வது யார்?